சட்டைக்கு ஒரு பங்கு

நீ என் டச்டவுனைத் திருடினாய். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. வாழ்க்கையில் நான் அடித்தது ஒரே ஒரு டச்டவுன். அது உன் பெயரில் இருக்கிறது. உன் ஊர் பஸ் நிறுத்தத்தில் ஆளுயர ஃப்ளெக்ஸாக நிற்கிறது. அதில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் முகம் உன்னுடையது. விழுந்து தேய்ந்த முழங்கை என்னுடையது.

மற்றவர்களுக்கு இது புரிய வேண்டும் என்றால் முதலிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

நான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிளைவுட் கடையில் வேலை பார்க்கிறேன். பலகையை வண்டியில் ஏற்றுவது, கொண்டுபோய் இறக்குவது, லிஃப்டில் நுழையாத பலகையை மூன்றாவது மாடிவரை தலையில் சுமப்பது. கல்லூரியில் கபடி ஆடினேன். பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் ஆடினேன். உடம்பு பெரிய உடம்பு. ஷேர் ஆட்டோவில் ஏறினால் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க நடுவுல உக்காருங்க" என்பார். அந்த உடம்புக்குச் சம்பளம் கொடுத்து விளையாடச் சொல்ல ஒரு கம்பெனி வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

வந்தது. அமெரிக்கன் ஃபுட்பாலை இந்தியாவில் தொழில்முறை லீகாக நடத்தப் போகிறோம் என்று ஊர் ஊராக அணி சேர்த்தார்கள். எங்கள் பக்கத்து அணிக்குத் தேர்வு நடந்தது பொத்தேரிப் பக்கம் ஒரு மைதானத்தில். அமெரிக்காவிலிருந்து ஒரு கோச் வந்திருந்தார். வெயிலில் தக்காளி மாதிரி சிவந்து நின்றார். தள்ளிப் பழகுவதற்கு ஒரு இரும்புச் சட்டம் கப்பலில் வருகிறதாம், இன்னும் வரவில்லையாம். அதற்குப் பதிலாக ஒரு குட்டி யானை லோடு வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, தள்ளுங்கள் என்றார்கள். நான் பத்தடி தள்ளினேன். எனக்கு அடுத்து வந்தவன் வேலி வரைக்கும் தள்ளிவிட்டு, டிரைவர் கத்திய பிறகுதான் நிறுத்தினான்.

அவன்தான் இவன், என் டச்டவுனைத் திருடியவன். கோவளத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரன். தோள் இரண்டும் படகின் இரண்டு பக்கம் மாதிரி இருக்கும். அன்றைக்கு வண்டி டிரைவரிடம், "பிரேக்கு வீக்கா கீதுண்ணா, செக் பண்ணிக்கோ" என்று அக்கறையாகச் சொன்னான். அங்கேயே எனக்கு அவனைப் பிடித்துப்போனது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். முட்டை வடிவப் பந்து. அதை எதிரியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனால் டச்டவுன். பந்தை எறிகிறவன் ஒருவன், ஓடுகிறவர்கள் சிலர். இவர்களுக்கு முன்னால் ஐந்து பெரிய உடம்புகள் வரிசையாக நிற்கும். எதிரி உள்ளே வராமல் தடுப்பது அவர்கள் வேலை. நான் அந்த ஐந்தில் ஒருவன். எங்களுக்குப் பந்து வராது. எறிய மாட்டார்கள், கொடுக்க மாட்டார்கள். நாள் முழுக்க முட்டிக்கொண்டு நின்றுவிட்டு, பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போக வேண்டும். கல்யாண வீட்டில் அடுப்படியில் நிற்கிறவன் மாதிரி. சாப்பிட்டவன் பாராட்டுவது பரிமாறியவனை.

முதல் ஆட்டத்தில் என்னால் அணிக்கு நஷ்டம். எதிரி என்னைத் தாண்டி ஓடப் பார்த்தான். கபடி ஆடிய கை சும்மா இருக்குமா, தொடையைப் பிடித்து அமுக்கினேன். பிரமாதமான பிடி. ரெஃப்ரி மஞ்சள் துணியை எறிந்தார். பிடித்தால் தப்பாம், தள்ளலாமாம். மறுபடி பிடித்தேன். மறுபடி மஞ்சள் துணி. கோச் கோட்டோரம் வந்து ஆங்கிலத்தில் நெடுநேரம் கத்தினார். அதை எங்களுக்குத் தமிழில் சொல்வதற்கு ஒரு உதவி கோச் இருந்தார். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர்.

"பிடிக்காதன்றாரு" என்றார் பி.டி. சார்.

"பிடிக்காம எப்படி சார் நிறுத்துறது?"

"ஜிஎஸ்டி ரோட்டுல மாடு நிக்குதே, அது யாரையாவது பிடிக்குதா? ஆனா எவனாவது தாண்டிப் போறானா? அந்த மாதிரி நில்லு."

கோச் அவ்வளவு நேரம் கத்தியும் ஏறாதது இந்த ஒரு வாக்கியத்தில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு சீசன் முழுக்க நான் மாடாக நின்றேன். நல்ல மாடு என்று பெயரும் எடுத்தேன்.

அவனுடைய கதை வேறு. பலத்தில் எங்கள் எல்லோரையும் விட மேல். ஆனால் பந்தை எறிகிறவன் "ஹட், ஹட், ஹட்" என்று குரல் கொடுப்பான். எத்தனையாவது குரலுக்குக் கிளம்ப வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்போம். மூன்றாவது என்று பேசியிருந்தால் இவன் முதல் குரலுக்கே பாய்ந்துவிடுவான். முன்னதாக அசைந்தால் அணி ஐந்து கஜம் பின்னால் போக வேண்டும். பயிற்சியில் தினமும் இதே கூத்து. கோச் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிவார். இவன் அதை எடுத்துத் தூசி தட்டிக் கொடுப்பான்.

"ஏன்யா, மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதா?" என்று பி.டி. சார் கேட்டார்.

"எண்ணத் தெரியும் சார். காலு கேக்கமாட்டேங்குது. கடல்ல மொத சத்தத்துக்கே இழுக்கணும். மூணாவது சத்தம் வரைக்கும் நின்னுகினு இருந்தா கொயம்புக்கு மீனு தானா வூட்டுக்கு வருமா?"

கோச் அவனைப் பெஞ்சில் உட்கார வைத்தார். அதற்குப் பிறகு எழுப்பவே இல்லை. அங்கே அவன் சும்மாவும் உட்காரவில்லை. நான் வெளியே வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றுவான், தலையில் தண்ணீர் ஊற்றுவான், அட்டைப்பெட்டியைக் கிழித்து விசிறுவான். "அந்த அறுபத்தெட்டாம் நம்பர்காரன் எடது காலுல வீக்கு மச்சான், அந்தப் பக்கமா தள்ளு" என்பான். சரியாக இருக்கும். வெளியே உட்கார்ந்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டான். ஆனால் அவன் ஊரில் யாருக்கும் அவன் பெஞ்சில் இருப்பது தெரியாது. டிவியில் ஹெல்மெட் போட்ட எல்லா உருவமும் ஒன்றுதானே. "மவனே, அந்த ஆள போட்டுத் தள்ளினியே, அது நீதான" என்று அவன் அம்மா போனில் கேட்பார். "ஆமா" என்பான். தள்ளியது நான். அப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். அன்றே கண்டித்திருக்க வேண்டும். தப்பு என் மேலும் இருக்கிறது.

சீசன் ஜாலியாகத்தான் போனது, தோற்றுக்கொண்டே. வெளியூர் ஆட்டத்துக்கு ரயிலில் போனோம். டிக்கெட் போட்டவர் எங்களை நேரில் பார்த்ததில்லை போலிருக்கிறது, முன்வரிசை ஆட்கள் ஐந்து பேருக்கும் சைடு அப்பர் பெர்த். ஏறிப் படுத்தால் திரும்ப முடியாது. கீழ் பெர்த்தில் இருந்த ஒரு அம்மா மேலே பார்த்துக்கொண்டே வந்தார், கம்பி தாங்குமா என்று. சொந்த ஊரில் மழை. முடிச்சூர்ப் பக்கம் என்றைக்குத் தண்ணீர் நின்றதோ அன்றைக்கே எங்கள் மைதானத்திலும் நின்றது. ஒரு ஆட்டத்தில் பந்து மிதந்துபோனது. அதைத் துரத்திய எங்கள் ஓட்டக்காரன், "சார், இதுக்கு பெஞ்சுல இருக்கானே, அவன எறக்குங்க சார், நீச்சல் தெரிஞ்சவன்" என்று கத்தினான். அன்றைக்கும் தோற்றோம். எல்லோரிடமும் தோற்றோம். கடைசி ஆட்டம் ஒன்றுதான் பாக்கி, அதுவும் எங்கள் மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை.

கடைசி ஆட்டம் என்பதால் எல்லோர் வீட்டாட்களும் வந்தார்கள். என் மனைவி வந்தாள், படப்பையிலிருந்து அவள் அண்ணன் குடும்பம் வந்தது. குப்பத்திலிருந்து இரண்டு வேன். இவ்வளவு பேர் பார்க்கும்போது கசங்கிய சட்டையில் நிற்க எனக்கு மனம் வரவில்லை. சர்ச்சுக்குப் போகிற சட்டையைத் தேய்க்காமல் போட்டதில்லை, இதை மட்டும் எப்படிப் போடுவது. எங்களுக்கு ஆளுக்கு ஒரே ஒரு ஜெர்சி. இன்னொன்று அதே கப்பலில் வருகிறது என்றார்கள். அதை எடுத்துக்கொண்டு தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்தேன். கரிப்பெட்டி. நான் பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முதுகில் இருந்த நம்பர் உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது. முன்பக்கம் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"ரப்பர் நம்பர்னு சொல்லவே இல்லியே சார்" என்றார் இஸ்திரிக்காரர். அவருக்குப் பெட்டி போன கவலை.

மைதானத்துக்குப் போனால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பி.டி. சார் தலையில் கை வைத்துக்கொண்டார். அமெரிக்கக் கோச் அந்த ஜெர்சியைத் தூக்கி ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். அவருடைய நாட்டில் யாரும் இதை இஸ்திரி போட்டதில்லையாம். அப்போது இவன் தன் ஜெர்சியைக் கழற்றி என் மேல் எறிந்தான்.

"போட்டுக்கோ மச்சான். நான் எப்டியும் பெஞ்சுதான். எனக்கு எதுக்கு நம்பரு."

அவன் மேலே ஒரு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நம்பர் மாறியதை நடுவரிடம் சொல்ல வேண்டும். அந்த அவசரத்தில் யாரும் சொல்லவில்லை.

கடைசி நிமிடங்கள். அவர்கள் எங்களை விட நான்கு புள்ளி முன்னால். ஒரு டச்டவுனுக்கு ஆறு புள்ளி, அடித்தால் ஜெயம். நாங்கள் அவர்கள் கோட்டுக்குக் கிட்டே நிற்கிறோம். எங்கள் ஆள் பந்தை எறியக் கையைத் தூக்கினான், பின்னாலிருந்து ஒருவன் வந்து மோதினான், பந்து நழுவி என் காலுக்கு முன்னால் விழுந்தது. தரையில் விழுந்த பந்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். என்னைப் போன்றவனுக்கும் அந்த ஒரு உரிமை உண்டு. எடுத்தேன். அந்த சீசனில் முதல்முறையாக ஆட்டத்தில் பந்து என் கையில். ஓடினேன் என்று சொல்ல மாட்டேன், நகர்ந்தேன். ஒருவன் இடுப்பைப் பிடித்தான். ஒருவன் கணுக்காலைப் பிடித்தான். இது எனக்குத் தெரிந்த இடம். பிடிபட்டவன் மூச்சை விடாமல் நடுக்கோட்டைத் தொடக் கையை நீட்ட வேண்டும் என்பதைக் கபடி எனக்குப் பதினைந்து வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டது. முழங்கால் தரையைத் தொடும் முன்னால் பந்தோடு கையை நீட்டிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தேன். ரெஃப்ரி இரண்டு கையையும் மேலே தூக்கினார், டச்டவுன்.

ஜெயித்தோம். அந்த சீசனில் முதல் வெற்றி.

என் மேல் பத்துப் பேர் விழுந்து கிடக்கும்போது மைக்கில் பெயர் சொன்னார்கள். அவன் பெயர். அவன் நம்பர். குப்பத்து ஆட்கள் வேலியைத் தாண்டி உள்ளே வந்து ஆடினார்கள். மழைக்கோட்டோடு ஓடிவந்த அவனைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். சட்டையை எப்போது கழற்றினான் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் மனைவியோ ஆட்டம் முழுக்க என் நம்பரைத் தேடியிருக்கிறாள். காணவில்லை. அன்றைக்கு என்னை இறக்கவே இல்லை என்று நினைத்து வருத்தத்தோடு உட்கார்ந்திருந்தவள், இவன் பெயரைக் கேட்டதும் எழுந்து போய் இவன் அம்மாவைக் கட்டிப்பிடித்து வாழ்த்தியிருக்கிறாள். பிறகு என்னிடம் வந்து, "பரவால்ல விடுங்க, அடுத்த வருஷம் மறுபடி உங்கள எறக்குவாங்க" என்றாள்.

நான் பி.டி. சாரிடம் போனேன். "சார், பேரை மாத்தச் சொல்லுங்க."

"வாயை மூடு. சட்டை மாத்திப் போட்டது தெரிஞ்சா டச்டவுனையே கேன்சல் பண்ணிடுவாங்க. அப்புறம் இந்த மேட்சும் போச்சு. அது வேணுமா?"

வேண்டாம்தான். ஒரு அணியாக ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம், அதை நானே கெடுக்க முடியாது. வாயை மூடினேன். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வருடம் லீகே இல்லை. கம்பெனி கடையை மூடிவிட்டது. கோச் ஊருக்குப் போனார். நான் பிளைவுட்டுக்குத் திரும்பினேன், அவன் கடலுக்குத் திரும்பினான். ஆக, இனி எனக்கு டச்டவுன் அடிக்க வழியே கிடையாது. இருந்தது அது ஒன்றுதான்.

இதற்கு நடுவில்தான் அந்த ஃப்ளெக்ஸ். கோவளம் பக்கம் லோடு இறக்கப் போனபோது பார்த்தேன். "கோட்டைத் தாண்டிய கொம்பன்" என்று எழுதி, கீழே அவன் படம். வண்டியை ஓரம் கட்டிவிட்டு நேராகக் கடற்கரைக்குப் போனேன். காலை நேரம், கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள் கயிற்றோடு நிற்கிறார்கள். இவனும் நிற்கிறான். நான் கத்த ஆரம்பித்தேன். மீன் வாங்கக் கூடையோடு நின்ற அவன் அம்மா என்னைப் பார்த்துவிட்டார்.

"வாப்பா. இன்னா, வந்ததும் வராததுமா கத்தினுகீற? ஆளு கொறச்சலா கீது, கயித்தப் புடி. அப்பால பேசிக்கலாம்."

பிடித்தேன். வேறு என்ன செய்வது. முதல் சத்தத்துக்கே இழுக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் மூன்றாவது சத்தத்துக்குக் காத்திருந்தேன், கயிறு என்னை மணலில் குப்புற இழுத்துப்போட்டது. கரையே சிரித்தது. இவன்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தான்.

வலை கரைக்கு வந்ததும் நடந்ததை எல்லோர் முன்னாலும் சொன்னேன். அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். மகன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்கு ஒரு நொடிதான் முகம் மாறியது.

"சரிப்பா. சட்டை யாருது?"

"அவனுது."

"இங்க வலை யாருதோ அவனுக்கு ஒரு பங்கு. கயித்துல கைய வெக்காம வூட்டுல தூங்கினாலும் அவனுக்குப் பங்கு உண்டு. சட்டை குடுத்தவனுக்கு மட்டும் இல்லியா?"

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நியாயம்தானே. சட்டை இல்லாவிட்டால் நான் மைதானத்தில் இறங்கியிருக்க முடியாது, பந்து வேறு எவன் காலடியிலாவது விழுந்திருக்கும்.

கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக் கேட்டேன். "சரிம்மா. வலைக்காரனுக்கு ஒரு பங்கு. இழுத்தவனுக்கு?"

"அவனுக்கும் உண்டு."

"எனக்கு எங்க?"

அந்த அம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்டா, மொத்த மீனையும் நீயே எடுத்துகினு வந்துட்டியா?"

இவன் மணலைப் பார்த்தான். பிறகு என்னைத் தனியாகப் படகுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னான். "மச்சான், நீ எல்லா மேட்சும் ஆடின. மாடு மாதிரி நின்ன, மஞ்சத் துணி வாங்கின, தண்ணில விழுந்த. சொல்றதுக்கு உனக்கு எம்மாங் கதை கீது. எனக்கு அந்தச் சட்டை மட்டுந்தான் கீது."

இதைக் கேட்டு எனக்குக் கோபம் போயிருக்க வேண்டும். பாதி போனது. மீதிப் பாதி என் பங்கு. சொல்லிவிடுகிறேன், ஊரில் சொல்லிவிடுகிறேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவன் அம்மா ஒரு பை நிறைய நெத்திலி கொடுத்தார். கயிறு பிடித்ததற்கு என் பங்காம். அதை நானும் என் மனைவியும் பொரித்துத் தின்றோம். அன்றுதான் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "அப்ப அந்தம்மாவை நான் எதுக்குக் கட்டிப்பிடிச்சேன்?"

சத்தியம் செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஃப்ளெக்ஸ் வெயிலில் வெளுத்தது, புதிதாக இன்னொன்று வைத்தார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறான். குப்பத்து விளையாட்டு மன்றத்தின் ஆண்டு விழாவாம். மணலில் மேடை, மைக் செட், சால்வை. சிறப்பு விருந்தினர் இவன். "டச்டவுன் வீரர்" என்று பெயருக்கு முன்னால் போட்டிருக்கிறது. கீழே, "மச்சான், அவசியம் குடும்பத்தோட வா, மீன் பிரியாணி" என்று தட்டியிருக்கிறான்.

வருகிறேன். மனைவியும் வருகிறாள், படப்பை ஆட்களும் வருகிறார்கள். முன்வரிசையில் உட்காருவேன், என் உடம்புக்கு இரண்டு நாற்காலி போடச் சொல். உன் பங்கை நான் கேட்கவில்லை. சட்டை உன்னுடையது, அதை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள். லீக் செத்துப்போய்விட்டது, ஜெயித்த ஆட்டத்தைக் கேன்சல் பண்ண இனி எவனும் இல்லை, அந்தச் சாக்கும் உனக்குக் கிடையாது. அன்று கரையில் நான் சொன்னது போதாது, உன் வாயால் வர வேண்டும். சால்வையைத் தோளில் போடுவதற்கு முன்னால் மைக்கைக் கையில் வாங்கு. உன் அம்மா கேட்க, என் மனைவி கேட்க, கயிறு பிடித்த அத்தனை பேரும் கேட்கப் பதில் சொல்: அந்தச் சட்டைக்குள் இருந்தது யார்?